பூ கொடுத்த இடம்

மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, நாள் சாட்டிய மறுநாளே அந்தப் பேச்சு கிளம்பிவிட்டது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்த் திரும்பியிருந்த அன்பரசு, கோயில் வாசலில் வைத்தே கேட்டான்.

"நம்ம நோம்பிக்கு நம்மாளுக வளையல் கடை போட்டா ஆவாதுங்களா? பாய் கடை எதுக்கு?"

பரமத்தி வேலூரிலிருந்து வரும் கலீல் ரஹ்மான் இருபது வருஷமாக நோம்பிக்கு அங்கே வளையல் கடை போடுகிறவர். வேண்டும் என்று பாதிப் பேர், வேண்டாம் என்று பாதிப் பேர். "ஏஞ் சண்ட? ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்போடலாம்" என்றார் ஊர்ப் பெரியவர் குமாரசாமி.

ஒரு பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. வாழையிலையில் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்தால் ஆத்தாளைச் சந்தேகப்பட்டதாகிவிடும். அதை அப்படியே காவிரியில் விட்டுவிடுவார்கள்.

பொட்டலம் மடிப்பது பூசாரி ராசுவின் மகள் வெண்ணிலாவின் வேலை. விவரம் தெரிந்த நாளாய் அவள் கைக்கு வளையல் போட்டுவிடுவது கலீல் மாமாவின் மனைவி வஹீதுன்னிசாதான். இதுவரை ஒரு வளையல் உடைந்ததில்லை. வெண்ணிலா இரண்டு இலையிலும் வெள்ளையையே வைத்து மடித்தாள். 'ஆத்தா, மன்னிச்சுக்க' என்றாள். பிறகு குழம்பினாள். வேண்டாமென்றால் ஆத்தாள் தன் கையைத் தடுத்திருக்க மாட்டாளா?

வெள்ளை வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். அன்பரசு கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவன் கண் கலங்கியதை வெண்ணிலா பார்த்தாள்.

மறுநாள் காலையில் கலீல் ரஹ்மான் வந்தார்.

"வெள்ளப் பூ வந்துருச்சுங்க பாய். ஜம்முனு கடையப் போடுங்க" என்றார் ராசு.

"அதாங்க சங்கடம். குறி கேட்டு நடக்கறதுக்கு எங்க மார்க்கத்துல எடமில்லீங்க. பூவ உடுங்க, நீங்க வான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இன்னிக்கே பெட்டியக் கொண்டாரேன்."

ராசு திகைத்துப்போனார். "ஆத்தா சொன்னதுக்கு மேல நான் சொல்றதா? அவ சொன்னது பத்தலியான்னு ஊரு கேக்காதுங்களா?"

"இருவது வருசமாச்சு. ஒருத்தரு வாயிலகூட வான்னு வராதுங்களா?"

இருவருக்கும் கோபமில்லை. இருவர் சொன்னதும் வெண்ணிலாவுக்குச் சரியாகவே பட்டது. உண்மையைச் சொன்னால் மாமாவுக்குக் குறி என்ற தடை போய்விடும். ஆனால் அப்பா தலை குனிவார், ஊர் மறுபடி பூக் கேட்கும்.

"மாமா, நான் கூப்புடறேன். வாங்க" என்றாள்.

"பெரியவிய பேச்சுல உனக்கென்ன? உள்ள போ" என்றார் ராசு.

கலீல் ரஹ்மான் சிரித்தார். "நீ கூப்ட்டா ஊரு கூப்ட்டதா ஆவுமா அம்மிணி?"

'ஆகும்' என்ற சொல் அவள் நாக்கு நுனி வரை வந்தது. ஊரே கும்பிட்ட அந்த வார்த்தை அவளுடையதுதானே? இல்லை, அவள் கையால் ஆத்தாள் சொன்னதா? எது என்று தெரியாமல் எதைச் சொல்வது? அதற்குள் அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நோம்பியன்று வளையல் கடை போடும் அந்த இடம் காலியாகக் கிடந்தது. ஆட்டையாம்பட்டியிலிருந்து வந்த பொரிக்கடைக்காரர் ஒருவர் அங்கே தார்ப்பாயை விரிக்கப் போக, அன்பரசு ஓடி வந்து மறித்தான்.

"எடுங்க எடுங்க! ஆத்தா பாய்க்குக் குடுத்த எடமுங்க அது. ஆரும் காலு வெக்கப்படாது."