பேர் சொல்லாதது

கோத்தா திங்கியிலிருந்து ஏழு மைல் உள்ளே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் பிள்ளைகள் அழுவதில்லை.

அது ஒரு பெருமையாகவே பேசப்பட்டது. யார் சுற்றிப் பார்க்க வந்தாலும் தோட்டத்துத் துரை முதலில் ஆயாக் கொட்டகைக்குத்தான் கூட்டிப் போவார். அத்தாப்பு ஓலைக் கூரை, வரிசையாகத் தொங்கும் முப்பத்திரண்டு தூளிகள், நடுவில் ஆயா கருப்பாயி ஒருத்தி. விடியுமுன் ரப்பர்ப் பால் வெட்டப் போன தாய்மார் உச்சிவெயிலில் திரும்பும்வரை ஒரு பிள்ளையாவது சிணுங்க வேண்டுமே! மூச்! வந்தவர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நடப்பதுபோல் மெல்ல நடந்து வெளியேறுவார்கள்.

முப்பத்திரண்டு கைக்குழந்தைகள் ஒரே நேரத்தில் எப்படித் தூங்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. வந்தவர்களிலும் பிள்ளை பெற்றவர்கள் இருந்திருப்பார்கள்.

ரப்பர் விலை தரையில் விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முன்பு கொட்டகையில் மூன்று ஆயாக்கள் இருந்தார்கள். செலவைக் குறைக்கிறேன் என்று துரை இரண்டு பேரை ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார். பிள்ளைகள் மட்டும் குறையவில்லை. ஒருத்தி முப்பத்திரண்டு பேருக்கு என்ன செய்வாள்? ஒன்று அழுதால் பத்து அழும். பத்து அழுதால் மரத்தடியில் நிற்கும் தாய்க்கு மார்பு கனக்கும், கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். வந்தால் கங்காணி திட்டுவான், அரைநாள் சம்பளம் போகும். கருப்பாயிக்கு அதுவும் பொறுக்காது. நல்ல மனசுக்காரி. அவள் நல்ல மனசுக்காரி என்பதுதான் இந்தக் கதையில் நம்மைத் தூங்கவிடாத விஷயம்.

ஊரில் செய்ததையே அவள் இங்கேயும் செய்தாள். உரைகல்லில் தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டு வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய் உரைத்து, பிள்ளைகளின் நாக்கில் தடவுவாள். பிள்ளை இருக்கும் வீட்டில் வசம்பை வசம்பு என்று சொல்லமாட்டார்கள். பெயரைச் சொன்னால் மருந்தின் வீரியம் போய்விடுமாம். 'பேர் சொல்லாதது' என்றுதான் சொல்வார்கள். அதனால் எந்தத் தாயும், "என்ன குடுத்தீங்க?" என்று கேட்டு, "பேர் சொல்லாதது" என்ற பதில் வந்தால், அதற்குமேல் கேட்கமாட்டாள்.

கடந்த இரண்டு வருஷமாக அந்தக் கல்லில் இன்னொன்றும் உரைபட்டது. ஆற்றோரம் காய்கறி போட்டிருந்த கிழட்டுச் சீனர், கொட்டகையின் காலிப் பால் டின்களை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு கறுப்புப் பிசினைக் கொடுத்தார். தன் இருமலுக்கும் மூட்டுவலிக்கும் அதுதான் மருந்து என்று அவர் சாடையில் காட்டியிருந்தார். கடுகளவு போதும். பிள்ளைகள் சாயங்காலம்வரை அசையாது.

அது என்ன என்று அந்தத் தோட்டத்துத் தமிழர்களில் ஒருவனுக்குத் தெரியும். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி செல்லப்பன். ஜொகூர் பாருவில் அபின் புகைக்கும் ஒரு சண்டுக்கடைக்குப் பின்வீட்டில் வளர்ந்து, அங்கேயே ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். அபின் காய்ச்சும் வாடையும், குழாயில் சுரண்டிய கசடின் வாடையும் அவன் மூக்கைவிட்டுப் போனதில்லை. ஒருநாள் கொட்டகைப் பக்கம் போனபோது உரைகல்லிலிருந்து அந்த வாடை வந்தது. துரையிடம் சொன்னான். துரை பேனாவை மூடிவைத்துவிட்டு, கிராணிக்குக் கிராணி வேலை இருக்கிறது, ஆயாவுக்கு ஆயா வேலை இருக்கிறது என்றார். ஆள்குறைப்புக் காலம். செல்லப்பன் வாயை மூடிக்கொண்டான்.

அங்கம்மா அவனைத் தேடி ஆபீசுக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. மூத்த பிள்ளையைப் போன வருஷம் ஐந்து மாதத்தில் பறிகொடுத்தவள். இப்போது இடுப்பில் இருந்தவனுக்கும் ஐந்து மாதம்.

"ஐயா, இவன் பகல் முழுக்கத் தூங்குறான். மார்ல வச்சாலும் குடிக்க மாட்டேங்குறான். மூத்தவனும் கடைசியில இப்படித்தான் இருந்தான். எனக்குப் பயமா இருக்குங்க."

செல்லப்பன் பிள்ளையைப் பார்த்தான். சண்டுக்கடையில் பார்த்த கண்கள்போலக் கண்மணிகள் ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தன. மருந்து கொடுக்கும் டிரெஸர் வியாழக்கிழமை வருவார், அவரிடம் காட்டு என்று சொல்லி அனுப்பினான். அவள் படியிறங்கிப் போவதைப் பார்க்காமல் காகிதங்களைப் புரட்டினான்.

மறுநாள் கோத்தா திங்கியில் அபின் விசாரணைக் கமிட்டி கூடியது. ஊரே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. கமிட்டியில் மூன்று பேர். வருமான இலாகாவின் வெள்ளைக்காரர், அபினில் வரும் பணத்தில்தான் ரோடும் பாலமும் நிற்கின்றன, சர்க்கார் அபின் கடையை மூடினால் மெர்சிங் கரையில் கள்ளப்படகு வந்து நிற்கும், ஆகவே புகைப்பவர் பெயரைப் பதிந்து சீட்டு கொடுத்து அளந்து விற்பதே நல்லது என்றார். டாக்டர், வருஷத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்துக் கடையை மூடிவிட்டு ஆஸ்பத்திரி கட்டுங்கள் என்றார். தவுக்கே என்று அழைக்கப்படும் சீன முதலாளி ஒருவர், புகைப்பவனைச் சிறையில் போடாதீர்கள், அவன் நோயாளி என்றார். மூவரும் நன்றாகவே பேசினார்கள். மேஜைமேல் வந்ததெல்லாம் குழாய், விளக்கு, சீட்டு. தூளி என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை.

தமிழர் தரப்புச் சாட்சியாகத் துரை கருப்பாயியை அனுப்பியிருந்தார். வயசானவள், கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வந்துவிடுவாள் என்ற எண்ணம். மொழிபெயர்க்க செல்லப்பன். துரை இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கூலிகள் குடியிருக்கும் லயத்தில் அபின் பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டார்.

"அபினா? அது கடையில புகைக்கிறதுங்க சாமி. எங்க லயத்துல ஒருத்தனும் தொட மாட்டான்" என்றாள் கருப்பாயி. சபையைப் பார்த்துப் பழகாதவள், பயத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். "நான் புள்ளைங்களுக்கு உரை மருந்து மட்டும்தான் குடுப்பேன். பேர் சொல்லாதது, மாசிக்காய், கூட அந்தத் தோட்டக்காரச் சீனர் குடுக்குற கறுப்பு மருந்து ஒரு கடுகளவு. அப்புறம் சத்தமே இருக்காதுங்க."

செல்லப்பன் துரையைப் பார்த்தான். துரை தன் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லையாம் ஐயா. குழந்தைகளுக்கு நாட்டு மூலிகை மட்டும் கொடுப்பாளாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

இவ்வளவு நீளமான பதில் இவ்வளவு சின்னதாகிவிட்டதே என்றார் டாக்டர். கிழவிகள் நீட்டித்தான் பேசுவார்கள் என்றான் செல்லப்பன். சபை சிரித்தது. தமிழரிடையே அபின் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் லாரியில் கருப்பாயி கேட்டாள், "நான் சரியாச் சொன்னேனா ஐயா?"

"சரியாத்தான் சொன்ன."

வியாழக்கிழமை டிரெஸர் வந்தார். அதற்குமுன்பே அங்கம்மா பால்வாளியை இறக்கிவைத்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடியிருந்தாள். தூளியிலிருந்து பிள்ளையை எடுத்து மார்பில் வைத்தாள். பால் தானாகச் சுரந்து அவன் கன்னத்தில் வழிந்து காதுக்குள் போனது. அவன் விழுங்கவில்லை. அவள் கத்தியதில் பக்கத்துத் தூளிகள்கூட அசையவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவள் கத்துவதை நிறுத்தினாள்.

மரணப் பதிவேடு ஆபீசில் இருந்தது. பெயர், வயது, காரணம். செல்லப்பன் பேனாவை மையில் தோய்த்துவிட்டு முந்தைய பக்கங்களைப் புரட்டினான். மாந்தம். மாந்தம். மாந்தம். இரண்டு ஆயாக்கள் போனதிலிருந்து ஏழு மாந்தம். ஏழும் அவன் கையெழுத்து, அழகான கையெழுத்து. மூன்றாவதாக இருந்தது அங்கம்மாவின் மூத்தவன்.

எட்டாவதை எழுத அவன் கை ஓடவில்லை. ஆபீசுக்கு வெளியே ஒரு சத்தமும் இல்லை. இத்தனை நாள் அமைதி என்று நினைத்திருந்தது அன்று அவன் பிடரியில் வந்து உட்கார்ந்தது. வீட்டுக்குப் போனான். அவனுடைய ஏழு மாதப் பெண் சந்திரமதி, பாலுக்கு வீடே அதிர அழுதுகொண்டிருந்தாள். மனைவி ஓடிவந்து தூக்கப் போனாள். "கொஞ்ச நேரம் அழட்டும், விடு" என்று சொல்லிவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான். அந்த அழுகை நின்றுவிடுமோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் கொட்டகைக்குப் போய்க் கருப்பாயியிடம் சொல்லிவிட்டான். அந்தக் கறுப்பு மருந்துதான் அபின், தனக்கு முன்பே தெரியும் என்றான். அவள் உரைகல்லைப் பார்த்தாள், தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். அந்த விரலால்தான் தடவினாள். பிறகு வரிசையில் காலியாகிப்போன தூளி மாட்டும் கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஏதோ பெயர்கள் அவள் உதட்டில் அசைந்தன.

"எனக்குத் தெரியாதுங்க. அது சத்தியம். அன்னிக்கு நான் என் வாயால அத்தனையும் சொன்னேனே ஐயா. உங்களுக்குத் தெரியுமே. நீங்க அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

கிராணியான பிறகு எந்தக் கூலிக்காரி முன்னாலும் அவன் தலை குனிந்ததில்லை, அன்று குனிந்தது.

"கூட்டம் முடிஞ்சுடுச்சா?" என்று கேட்டாள்.

"நாளைக்கு ஒருநாள் இருக்கு."

"என்னைக் கூட்டிட்டுப் போங்க. இந்தத் தடவ ஒண்ணும் விடாம சொல்லுங்க."

சனிக்கிழமை கமிட்டியின் கடைசி அமர்வு. சீட்டா, கடையடைப்பா என்று பேச்சு சூடாக இருந்த நேரத்தில் செல்லப்பன் எழுந்து, தான் செவ்வாய்க்கிழமை பொய் மொழிபெயர்த்ததாகச் சொன்னான். வருமான இலாகாக்காரர், இது இன்றைய விஷயத்தில் இல்லை என்றார். டாக்டர் மட்டும், அந்த அம்மாளை மறுபடி பேசச் சொல் என்றார்.

கருப்பாயி மடியிலிருந்து அந்தக் கறுப்பு மருந்து வைத்திருந்த சிரட்டைத் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அடியில் கறுப்பாய் ஒட்டியிருந்தது. டாக்டர் முகர்ந்தார், பக்கத்தில் இருந்தவரிடம் நகர்த்தினார். தவுக்கே குனிந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இதற்கு உங்கள் பாஷையில் என்ன பெயர் என்று டாக்டர் கேட்டார்.

"இத்தனை நாள் பேர் சொல்லாம குடுத்தேனுங்க. இதுக்குப் பேரு அபின். எட்டுப் புள்ளைங்க போயிடுச்சு. ரெண்டு ஆயாவ நிறுத்தினதுக்கு அப்புறம்தான் நான் இதத் தொட்டேன். அதையும் எழுதிக்குங்க."

செல்லப்பன் ஒரு சொல் விடாமல் சொன்னான். ஆயாக்களை நிறுத்தியது யார் என்று டாக்டர் கேட்டதற்கும் பதில் சொன்னான். சபை அடங்கிப்போனது. அந்த அடக்கம் எந்தக் கொட்டகையைச் சேர்ந்தது என்று அவனுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை அவனுக்கு வேலை இல்லை. துரை சீட்டைக் கிழித்துவிட்டார். பெட்டியைக் கட்டிக்கொண்டு மனைவி பிள்ளையோடு செம்மண் பாதையில் நடந்தபோதுதான் அது கேட்டது. முதலில் ஒரு குரல், பிறகு பத்து, பிறகு முப்பத்தொரு பிள்ளைகளும் சேர்ந்து தொண்டை கிழிய அழுதார்கள். மரத்தடிகளில் கத்திகள் நின்றன. பெண்கள் ஒவ்வொருவராகக் கொட்டகையைப் பார்த்து ஓடினார்கள். கங்காணி வேலு கையை ஓங்கினான், பிறகு இறக்கிக்கொண்டான். அவன் பிள்ளையும் அங்கேதான் இருந்தது. மூன்று நாள் பால் வெட்டு பாதியில் நின்ற பிறகு துரை புதிதாக இரண்டு ஆயாக்களை வேலைக்கு வைத்ததும், கமிட்டியின் தடித்த அறிக்கையில் இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டே வரி கிடைத்ததும் பிந்திய சேதி.

ஓடாமல் நின்றவள் அங்கம்மா ஒருத்திதான். முந்தானையில் பால் நனைந்திருந்தது. அத்தனை அழுகையிலும் ஒரு குரலைத் தேடுகிறவள்போல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். செல்லப்பன் அவள்முன் நின்றான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான்.

"வேணாங்க" என்றாள் அவள். "ஆயா எல்லாத்தையும் சொல்லிடுச்சு. கடைய மூடுறதா, சீட்டுக் குடுக்குறதான்னு பெரியவங்க பேசிக்கட்டும். அது என்னன்னு தெரியாம என் புள்ளைக்குக் குடுத்தது ஆயா. தெரிஞ்சும் பேரச் சொல்லாம இருந்தது நீங்க. போன திங்கக்கிழம நான் வந்து கேட்டப்ப அந்த ஒரு பேரச் சொல்லியிருந்தா, இந்தச் சத்தத்துல என் புள்ளையும் இருந்திருப்பான். வெசத்த வெசம்னு தெரிஞ்சவங்க வாயத் தெறந்து சொல்லணும் ஐயா. சொல்லாம இருக்குறதும் ஊட்டுறதுதான்."

சந்திரமதி தோளில் வீறிட்டு அழுதாள். செல்லப்பன் அவளைச் சமாதானப்படுத்தவில்லை.