வக்கீலின் இருமல்

வக்கீல் என் மனைவியைப் போலவே இருமியது. முதலில் குட்டையாக இரண்டு, பிறகு நீளமாக ஒன்று, கடைசியில் தொண்டையைச் செருமும் சத்தம். வீட்டில் இருந்த மூவருக்கும் அது யாருடைய இருமல் என்று தெரியும்.

வக்கீல் எங்கள் கிளி. சாம்பல் உடம்பு, சிவப்பு வால். கோட்டு போட்டுக்கொண்டு எதற்கெடுத்தாலும் வாதாடுகிறது என்று மனைவி வைத்த பெயர். அவள் நுரையீரல் நோயில் இறந்தாள். ஒரு வருடம் ஆகப்போகிறது. அதற்குப் பிறகு கிளி பேசுவதை விட்டுவிட்டது. இப்போது விடியற்காலையில், கூட்டின்மேல் துணி போர்த்தியிருக்கும்போதே, இந்த இருமல்.

மகளுக்கு ஏழு வயது. ஒரு காலை பல் துலக்கியபடியே கேட்டாள்.

"வக்கீலும் செத்துடுமாப்பா?"

"இல்ல."

"அம்மாவுக்கும் இல்லன்னுதான் சொன்னீங்க."

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து கூட்டின் அருகே தலையணையைப் போட்டு உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை. பள்ளிக்கும் போகவில்லை. மறுநாளும் அப்படியே.

எங்களோடு தங்கியிருந்த மச்சினி இருமலைத் தன் போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பினாள்.

"அத்தான், அந்தப் பெரிய க்ளினிக்குக்கே போயிடுங்க. ஊரே அங்கதான் போகுது. உள்ள மீன்தொட்டி எல்லாம் வெச்சிருக்காங்க."

"மீனுக்கா உடம்பு சரியில்ல?"

அவள் சிரித்தாள். நான் சொன்னதற்கு அந்த வீட்டில் யாராவது சிரித்து நாளாகியிருந்தது.

பெரிய க்ளினிக்கில் வரவேற்புப் பெண் சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். "வக்கீல்! இங்க வக்கீல் யாரு?"

நாயைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் பாதி எழுந்தார். "நான் ரிட்டயர் ஆயிட்டேனேம்மா."

டாக்டர் துண்டை வீசிக் கிளியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். அது அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. பதிவைப் போட்டுக் காட்டினேன். முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"சளி உள்ள இறங்கியிருக்கு. பத்து நாள் ஊசி."

"ஊசியத் தாங்குமா சார்?"

"போடலேன்னா தாங்காது."

நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். வழியில் கிளிக்குத் தானியம் வாங்கும் கடையில் விஷயத்தைச் சொன்னேன்.

"அங்கயா போனீங்க? நாய்க்குன்னா அவரு கில்லாடி. பறவைக்கு மாடி டாக்டரம்மாகிட்டதான் காட்டணும்" என்றார் கடைக்காரர். "ஆனா திட்டுவாங்க. காதைப் பொத்திக்கிட்டுப் போங்க."

தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. டாக்டரம்மா கிளியைத் தொடவில்லை. கூட்டுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். தூங்கிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.

"வால் ஆடல" என்றார் கடைசியில். "மூச்சுக்கு முடியலேன்னா, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலயும் கீழயும் ஆடும். உடம்பும் இளைக்கல. சரி, நெஞ்சு இறகெல்லாம் நசுங்கியிருக்கே, யாரு இத அழுத்திப் பிடிச்சது?"

சொன்னேன்.

"பறவைக்கு நெஞ்சு விரிஞ்சாதான் மூச்சு. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தா காலிக் கூட்டத் தூக்கிட்டுப் போயிருப்பீங்க."

பதிவை இரண்டு தடவை கேட்டார்.

"இது பறவை இருமலே இல்ல. மனுஷ இருமல். வீட்டுல யாரையோ பாத்துக் காப்பியடிக்குது. யாருக்கு இருமல்?"

"என் மனைவிக்கு."

"முதல்ல அவங்கள ஒரு நல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. கேக்கவே நல்லால்ல."

"இறந்துட்டாங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்போ பழைய ஞாபகத்துல இருந்து எடுத்து விடுது. சில கிளிங்க அப்படித்தான்." பிறகு ஏதோ தோன்றியவர்போல் கேட்டார். "இருமும்போது அலகு அசைஞ்சுதா?"

"துணி போத்தியிருக்கும்."

"யாருமே பாக்கலையா?"

"கேட்டோம்."

"நல்லாருக்கு. கேட்டுட்டு நீங்க ஓடி வருவீங்க, கேட்டுட்டு அவரு ஊசி போடுவாரு. ரெண்டு நாள் இங்க விட்டுட்டுப் போங்க. நான் கண்ணால பாக்கறேன்."

வக்கீலை அவரிடமிருந்த வேறொரு கூட்டில் விட்டுவிட்டு, எங்கள் கூட்டைக் காலியாகத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். "வக்கீலுக்கு ஒரு நோயும் இல்ல. அம்மா மாதிரி இருமிக் காட்டுது. அவ்வளவுதான். ரெண்டு நாள்ல வந்துடும்."

"நிஜமா?"

"டாக்டரே சொன்னாங்க."

அவள் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். காலையில் தானாகவே பள்ளிப் பையை எடுத்துக்கொண்டாள்.

அன்று முற்பகல் வீட்டில் நான் மட்டும். மச்சினி வேலைக்குப் போயிருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

குட்டையாக இரண்டு. நீளமாக ஒன்று. பிறகு தொண்டையைச் செருமும் சத்தம்.

கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தேன். மற்றவற்றின் மேல் வைத்தேன். எழுந்து நடைக்குப் போய்ப் பார்த்தேன். கூட்டின் கதவு நான் விட்டபடியே திறந்திருந்தது. உள்ளே கொஞ்சம் உமி, ஒரு சாம்பல் இறகு. ஊஞ்சல் கம்பி அசையவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு, கூட்டையும் தூக்கிக்கொண்டு மாடி டாக்டரம்மாவிடம் போனேன்.

"ஒரு தடவைகூட இருமல" என்றார். "நல்லாத் தின்னுது, என்னையே கொத்த வருது. நாளைக்கும் இருக்கட்டும், உறுதியாச் சொல்லிடறேன்."

"வேண்டாம் டாக்டர். இப்பவே குடுத்துடுங்க."

"என்ன அவசரம்?"

"பொண்ணு ஸ்கூல்ல இருந்து வந்துடுவா. கூடு காலியா இருக்கக் கூடாது."

"நல்ல அப்பாதான்" என்றார்.

மாலையில் மகள் கம்பி வழியே ஆப்பிள் துண்டை நீட்டினாள். வக்கீல் அலகால் வாங்கிக்கொண்டது. மச்சினி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கடைசில எந்த டாக்டர் சொன்னது சரி அத்தான்?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"மாடி டாக்டரம்மா."

அப்போது அந்த இருமல். இரண்டு, ஒன்று, செருமல். சமையலறைக் குழாய் நின்றது.

மகள் சிரித்தாள். "போதும்டா வக்கீல்! ரொம்பத்தான் நடிக்கிற."

வக்கீல் அவளைப் பார்க்கவில்லை. கழுத்தைச் சாய்த்துப் படுக்கையறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்மணி சுருங்கி விரிந்தது. மறுபடி சுருங்கியது. அலகு இறுக மூடியிருந்தது. அதில் அந்த ஆப்பிள் துண்டு அப்படியே இருந்தது.

மறுபடி இரண்டு. நீளமாக ஒன்று.

மகளின் சிரிப்பு மெதுவாகக் குறைந்தது. கூட்டுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"அப்பா," என்றாள், "அது வாயில..."

நான் போய் அவளுக்கும் கூட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.