மூடிய பள்ளம்

பதினோரு வருடம் போட்டிகளில் கோல்ஃப் ஆடியவள் அவள். மணிக்கட்டு கெட்டபிறகு பயிற்சியாளரானாள். தொப்பை வைத்த பெரிய மனிதர்களுக்கு மட்டை வீசக் கற்றுக்கொடுத்தாள். பிறகு மைதானங்களை வடிவமைக்கத் தொடங்கினாள். மூன்றாவது மைதானத்தை, தன்னிடம் ஆட்டம் பழகிய ஒரு முதலாளிக்காகப் போட்டாள்.

அதில் ஏழாவது குழியை ஒட்டி ஒரு பெரிய பள்ளத்தை வேண்டுமென்றே விட்டிருந்தாள். மழைத்தண்ணீர் அங்கே தேங்கி, மெல்ல வடியும். மதிலுக்கு அந்தப் பக்கம், சரிவில், புல்வெட்டும் தொழிலாளர்களின் வீடுகள்.

அவள் அடுத்த வேலைக்குப் போனதும் முதலாளி பள்ளத்தை மண்ணடித்து மூடி, விருந்து மண்டபம் கட்டினார். அடுத்த பெருமழையில் தண்ணீர் மதிலைத் தள்ளிக்கொண்டு இறங்கியது. இருபது வீடுகள் போயின. ஒரு புல்வெட்டியின் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. 'மைதானத்தின் வடிவமைப்பில் கோளாறு' என்று முதலாளி பத்திரிகைக்குச் சொன்னார். கலெக்டர் விசாரணை அறிவித்தார்.

"விடுக்கா, அவன் பெரிய இடம்" என்றான் தம்பி.

"என் தலையில பழியப் போட்டிருக்கான்டா. எப்படி விடுறது?"

வரைபடத்தோடு முதலாளியின் அறைக்குப் போனாள்.

"உக்காருங்க மேடம். டீ சொல்லவா?"

"பள்ளத்தை யாரைக் கேட்டு மூடினீங்க?"

"சும்மா கெடந்த இடம்தானே. கோபப்படாதீங்க, அடுத்த மைதானமும் உங்களுக்குத்தான். நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்து, நேராகச் சரிவுக்கு நடந்தாள். அந்தப் புல்வெட்டி சுவரிலிருந்து சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் வரைஞ்சவங்களா? வேடிக்கை பாக்க வந்தீங்களா?"

அவள் கவிழ்ந்து கிடந்த பெஞ்சின் மேல் வரைபடத்தை விரித்துப் பள்ளத்தைக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"மண்ணு லாரிக்கு கேட்டைத் திறந்துவிட்டது நாந்தாம்மா. எதுக்குன்னு எனக்குத் தெரியாது."

"அதை விசாரணையில சொல்வீங்களா?"

"வேலை போயிடும்." சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "சொல்றேன்" என்றார்.

இருவரும் சொன்னார்கள். மண்டபத்தை இடிக்க உத்தரவு வந்தது. புல்வெட்டிக்கு வேலை போனது. அவளை எந்தக் கோல்ஃப் கிளப்பும் கூப்பிடவில்லை.

ஒருநாள் கடைத்தெருவில் பழைய மாணவர் ஒருவர் கைகொடுத்தார். "தைரியமா பேசினீங்க மேடம். நாங்க எல்லாரும் உங்க பக்கம்தான்."

"மண்டபத் திறப்புவிழா போட்டோவுல ரிப்பன் பக்கத்துல நின்னீங்களே. அப்ப யார் பக்கம்?"

அவர் கையை விடுவித்துக்கொண்டார். அவள் விறுவிறுவென்று நடந்தாள்.