பழைய மடக்கு சைக்கிளின் கொக்கி

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லித் தொலைக்கிறேன். மடக்கு சைக்கிளில் பழைய மாடலையும் புது மாடலையும் ஒப்பிட்டு ஒரு பத்திரிகைக்காரர் கட்டுரை கேட்டார். "உங்க குடும்பத்துலயே ரெண்டும் இருக்காமே, ஈஸியா எழுதிடுவீங்க" என்றார். இருந்தது. அக்காவிடம் புதுசு, அத்தானிடம் பழசு. சரியென்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: "காலச்சக்கரம் சுழலச் சுழல..." (அடச்சீ. அடித்துவிட்டேன்.)

அடுத்தது: "பழைய மாடல் கனம். மாடிப்படியில் தூக்கினால் இடுப்பு விட்டுப்போகும். புது மாடலை என் அக்கா ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு ரயிலேறுவாள். ஆனால் ஓட்டத்தில் பழசுதான் ராஜா. குண்டும் குழியுமான தெருவில் புதுசு ஆளை உலுக்கி எடுத்துவிடும்."

இது பரவாயில்லை. அடுத்து பூட்டைப் பற்றி எழுத வேண்டும். அங்கே கை ஓடவில்லை.

2

பூட்டு என்பது நடுத்தண்டில் உள்ள கீல். சைக்கிளை விரித்ததும் அதன் லீவரை அழுத்தி மூட வேண்டும். புது மாடலில் லீவரை மூடினால் பாதுகாப்புக் கொக்கி தானாக விழுந்துகொள்ளும். பழசில் அதைத் தனியாகக் கையால் மாட்ட வேண்டும். மறந்தாலும் சைக்கிள் ஓடும். பெரிய பள்ளம் ஏதாவது வந்தால் லீவர் திறந்து, ஓட்டத்திலேயே இரண்டாக மடங்கும்.

அக்காவும் அத்தானும் ஒரே ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள். அன்று ஸ்டேஷன் வாசலில் அத்தானுக்கு இரண்டு கையிலும் பை. "இதையும் நீயே விரிச்சிடேன்மா" என்றிருக்கிறார். அக்கா விரித்தாள். தினமும் புதுசில் பழகிய கை அது. பாலத்து இறக்கத்தில் அத்தான்

(இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகவில்லை. எனக்கு அத்தானை அவ்வளவு பிடிக்கும்.)

3

ஒரு வரைவில் அவரைப் பிழைக்க வைத்தேன். கட்டுப்போட்ட காலோடு கட்டிலில் சாய்ந்துகொண்டு, "என்னடா மாப்ள, என் வண்டியத் திட்டி எழுதறியாம்?" என்று வம்புக்கு இழுக்கிறார். நன்றாகத்தான் வந்திருந்தது. கிழித்துவிட்டேன். செத்தவரைப் பேச வைத்து யாரை ஏமாற்ற?

இன்னொரு வரைவில் பழியைத் தூக்கி சைக்கிள் மேலேயே போட்டேன்: "பழைய மாடலின் கொக்கி தேய்ந்து, ஓடும்போது தானாகக் கழன்றுவிடும்." அந்த ஒரு வரி போதும், அக்கா பிழைத்துக்கொள்வாள். நான் எழுதுவதை ஒரு எழுத்து விடாமல் படிப்பவள் அவள்.

ஆனால் விபத்துக்குப் பிறகு திரும்பி வந்த சைக்கிளை நான் பார்த்தேனே! கீல் முறுக்கிக் கிடந்தது. கொக்கியில் மட்டும் ஒரு கீறல் இல்லை. மாட்டியிருந்து கழன்றிருந்தால் வளைந்திருக்கும். சைக்கிளைச் சாக்கில் சுற்றி என் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். அக்காவுக்குக் காட்டவில்லை.

4

நேற்று அக்கா வந்தாள்.

"எனக்கு ஞாபகமே வர மாட்டேங்குதுடா. கொக்கிய மாட்டினேனா இல்லையா? மாட்டின மாதிரியும் இருக்கு, மாட்டாத மாதிரியும் இருக்கு."

"விடுக்கா. அதையே நெனச்சுட்டு இருக்காத."

"நீதான் அந்தப் பூட்டப் பத்தி எழுதறியாமே. விசாரிக்காமலா எழுதுவ? நீ என்ன எழுதறியோ அத நம்பிடறேன்."



உண்மையை எழுதினால், பழைய மாடல் வைத்திருக்கும் யாரோ ஒருவர் நாளைக் காலையில் குனிந்து கொக்கியை மாட்டிக்கொள்வார், சாயங்காலம் முழுசாக வீடு திரும்புவார். பொய்யை எழுதினால் அக்கா தூங்குவாள். இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுத எனக்கு வழி தெரியவில்லை. அதனால்தான் கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

(இதையும் அக்கா படிப்பாளே என்கிறீர்களா? உங்களைத் தவிர யாருக்கும் காட்டவில்லை.)

5

முடிவு என்று ஒன்றை எழுத உட்கார்ந்தபோதுதான் ஃபோன் வந்தது. அக்கா.

"எழுதிட்டியா? பூட்டப் பத்தி எழுதினத மட்டும் படிச்சுக் காட்டுடா."

காகிதத்தில் அந்த இடம் காலி. ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு உங்களைப் பார்க்கிறேன். எனக்குத் தைரியம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும்.

இந்தாருங்கள், பேசுங்கள். அக்கா என்றே கூப்பிடுங்கள்.