கதவுக்கு அந்தப் பக்கம்

...போகாது என்று சொல்லிவிட்டால் முடிந்தது, ஒரே வார்த்தை, யாரும் எதிர்க்கேள்வி கேட்கப்போவதில்லை, இந்த மேஜையில் அவள் வைத்ததுதான் சட்டம், மூன்று வருஷமாக அப்படித்தான், வாரமெல்லாம் பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுகிறவள் ஞாயிறு மாலையில், ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டில், நாலு பேருக்கு ஓர் உலகத்தையே நடத்திக் காட்டுகிறாள், பூதத்துக்கும் அவள்தான் குரல், ராணிக்கும் அவள்தான்... ஆனால் இப்போது வாய் வரவில்லை. தம்பி ஆடுகிற வில்லாளி நிழலுலகத்தில் குற்றுயிரும் குலையுயிருமாகக் கிடக்கிறான், நடுவே ஒரு மாயக் கதவு திறந்திருக்கிறது, இந்தப் பக்கம், மனிதர் உலகத்தில், எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஆடுகிற வைத்தியக்காரி. "இங்கேருந்தே அவனுக்குக் குணமாக்குற மந்திரம் போடறேன். போய்ச் சேருமா?" என்கிறார். வேறு யார் கேட்டிருந்தாலும் பரவாயில்லை, இவரா கேட்க வேண்டும்?

ஆறு மாதத்துக்கு முன் இதே கேள்விதான், இதே மாதிரி திறந்த கதவுதான், அன்றைக்கு அந்தப் பக்கம் கிடந்தது இவருடைய கிழட்டு மந்திரவாதி, பார்த்துப் பார்த்து வளர்த்தது, அவனுக்கென்று ஒரு நோட்டு நிறையக் கதை எழுதி வைத்திருந்தார், முழங்கால் வலி உட்பட... அவள் விதிப்புத்தகத்தைத் திறந்து, மந்திரம் உலகம் விட்டு உலகம் தாண்டாது என்று படித்துவிட்டு மூடினாள். மந்திரவாதி செத்தான். "ரூல்னா ரூல்தானேம்மா" என்று அவர் அவனுடைய பலம் பலவீனமெல்லாம் குறித்த தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், சிரித்த மாதிரிதான் இருந்தது. இன்றைக்கு அவள் அடுத்த பக்கத்தையும் புரட்டினாள். ஏன் புரட்டினாள்? தம்பி என்றதும் விரல் தானாகப் புரட்டியதா? உச்சியில் ஒற்றை வரி: கதவு திறந்திருக்கும்வரை இரு பக்கமும் ஒரே உலகம். அடிப்பாவி! போகும் என்றால் தம்பி பிழைப்பான், அந்தக் கிழவனை அநியாயமாகக் கொன்றது வெளியே வரும், சொந்தக்காரன் என்றதும் சட்டம் வளைகிறது பார் என்பார்கள். போகாது என்றால் அவள் மானம் பிழைக்கும்... வெறும் விளையாட்டுதானே இது, பின்னே ஏன் ஒரு வார்த்தைக்கு இவ்வளவு யோசனை?

"அக்கா, சீக்கிரம் சொல்லேன்." தம்பி நகத்தைக் கடிக்கிறான், முப்பது வயதில். வெட்கமாக இருந்தது அவளுக்கு, பயமாகவும்.

"போகும்," என்றாள். "அண்ணே, அன்னிக்கு நான்..."

"கதவு திறந்திருக்கே, அதனாலதானே?" பகடையை உள்ளங்கையில் குலுக்கிக்கொண்டே அவர் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே வீட்டுக்குப் போய்ப் படிச்சுட்டேன்மா."

பகடை உருண்டது, தம்பி துள்ளினான், எத்தனை விழுந்தது என்று அவள் பார்க்கவில்லை. ஆறு மாதம், ஒவ்வொரு ஞாயிறும் எதிரே உட்கார்ந்து, அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு... ஏன் சொல்லவில்லை என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கு ஒப்புக்கொண்டிருப்பாளா என்பது அவளுக்கே தெரியவில்லை.