டியூக்குக்குப் பொழுது போகவில்லை

கோப்பி இலைகளின் அடியில் மஞ்சள் பொடி படிந்து, தெல்தோட்டை மலையில் செடிகள் ஒவ்வொன்றாக மொட்டையாகிக்கொண்டிருந்த வருஷம் அது. எங்கள் பங்களாவில் அதைவிடப் பெரிய இடி ஒன்று விழுந்தது. டியூக்குக்குப் பொழுது போகவில்லை.

டியூக் என்பது துரைசாணியின் நாய். சீமையிலிருந்து கப்பலில் வந்து, கொழும்பிலிருந்து பேராதனை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து நாலு ஆள் தூக்கிய கூடையில் மலையேறிய பிரபு. காது தரையில் இழுபடும். வயிறும் அப்படித்தான். வந்த நாள் முதல் விறாந்தையில் படுத்துக்கொண்டு, உட்காரும் கதிரைகளின் கால்களைக் கடித்துக்கொண்டிருந்தது. கூடவே லூசி என்று ஒரு வெள்ளைப் பூனை. அது ஜன்னல் சீலைகளைக் கிழித்துக்கொண்டிருந்தது. என் பெயர் யாகப்பர். பங்களாவில் சமையல் என் பொறுப்பு. கண்டியில் ஒரு பாதிரியார் வீட்டில் வளர்ந்து இங்கிலீஷ் படித்தவன் என்பதால், துரைசாணி சொல்வதைத் தமிழாக்குவதும் என் தலையில்தான் விழுந்தது.

ஒருநாள் துரைசாணி சீமைப் பத்திரிகை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். வீட்டில் வளரும் பிராணிகளுக்குச் சாப்பாடு மட்டும் போதாதாம். மோந்து பார்க்க, தோண்ட, தேட, ஏற, எட்டிப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் அவற்றின் மனம் வாடிப்போகுமாம். சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. கீழே கூலியாட்கள் குடியிருந்த லயத்தில் ஒரே அறையில் ஏழு பேர் படுத்துக் கிடந்தார்கள். அவர்களுடைய மனத்தைப் பற்றி அந்தப் பத்திரிகை ஒன்றும் எழுதவில்லை போலும்.

மறுநாளே வேலை தொடங்கியது. லயத்துக் கூரையை மாற்ற இரண்டு மழைக்காலமாக ஆட்கள் எதிர்பார்த்திருந்த பலகைகள் அப்போதுதான் கடுகண்ணாவையிலிருந்து வந்து இறங்கியிருந்தன. தச்சன் அவற்றை அறுத்து, லூசி ஏறுவதற்குச் சுவரில் படிப்படியாகத் தட்டுகள் அடித்தான். உச்சியில் ஒரு மெத்தை. அங்கே உட்கார்ந்தால் கொய்யா மரத்துக் குருவிகளைப் பார்க்கலாம். லூசி அந்தத் தட்டுகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. பிறகு ஆணி வந்த காலிப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

டியூக்குக்குத் தோண்டுவதற்காக மணலைச் சலித்துக் கொட்டிய குழி ஒன்று. அதோடு, தேடித் தின்பதற்காக இறைச்சித் துண்டுகளைத் தேங்காய்ச் சிரட்டைகளுக்குள் வைத்துத் தோட்டத்தில் ஏழு இடங்களில் ஒளித்து வைக்க வேண்டும். அதற்கென்று மலையிலிருந்து ஓர் ஆளை இறக்கினார்கள். அவள்தான் மூக்காயி.

மூக்காயி மன்னாரில் தோணி இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவள். அந்தப் பாதையில் காய்ச்சல் அவள் புருஷனையும் பிள்ளையையும் கொண்டுபோயிற்று. தோணி இறங்கிய கரையிலிருந்து ஒரு கறுப்பு நாய்க்குட்டி மட்டும் அவள் பின்னாலேயே வந்து சேர்ந்தது. அதற்கு மன்னாரு என்றே பேர் வைத்துவிட்டாள். இந்த மலையில் அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்த நாய் ஒன்றுதான்.

முதல் நாள் அவள் இறைச்சியை ஒளித்து வைத்தாள். டியூக் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தது. அரை மணி கழித்து, அவளே போய் ஒவ்வொரு சிரட்டையாக எடுத்து வந்து அதன் வாயில் வைக்க வேண்டியதாயிற்று.

"தேடுறது நானு, திங்கிறது இதா?" என்றாள் மூக்காயி. "எனக்குத்தாண்ணே நல்லாப் பொழுது போவுது."

அடுத்த யோசனை கோப்பி எலி. மொட்டுகளைத் தின்ன வரும் அந்த எலிகளை உயிரோடு பிடித்து வந்தால் லூசிக்கு வேட்டைச் சந்தோஷம் கிடைக்கும் என்றாள் துரைசாணி. எங்கள் ஆட்கள் கோப்பி எலியைத் தேங்காயெண்ணெயில் வறுத்துத் தின்பார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கறி அது. எலியெல்லாம் இனிமேல் பங்களாவுக்கு என்று நான் போய்ச் சொன்னபோது கங்காணி பொன்னையாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"அப்ப நாங்க என்னாத்தத் திங்கிறது? அந்தப் பூனையவா?"

இதை நான் இங்கிலீஷில் சொல்லவில்லை.

மூக்காயி ஒரு கூடை எலியோடு வந்தாள். விறாந்தையில் கூடையைத் திறந்ததும் லூசி அலறிக்கொண்டு அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. டியூக் பிரபு கதிரைக்கு அடியில். துரைசாணி கதிரைக்கு மேலே. எலிகள் பங்களா முழுக்க ஓடின. அப்போது எங்கிருந்தோ மூக்காயியின் வாடை பிடித்துப் பாய்ந்து வந்தது மன்னாரு. நான் துடைப்பத்தை எடுப்பதற்குள் நாலு எலி முடிந்தது. ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அவள் காலடியில் வரிசையாக வைத்தது.

ஐந்தாவது எலியின் பின்னால் மன்னாரு பாய்ந்தபோது கதிரைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம். டியூக் குரைத்தது! இந்த நாட்டுக்கு வந்து முதல்தடவையாக. வெளியே வந்து, காதில் தடுக்கி விழுந்து, எழுந்து ஓடியது. துரைசாணி கதிரைமேல் நின்றபடியே கைதட்டினாள். அன்றிலிருந்து மன்னாரு தினமும் வந்தது. டியூக் குழி தோண்டியது, தேடியது, துரத்தியது, இளைத்தும் போயிற்று. சும்மா சொல்லக்கூடாது, பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் துரை ஓர் உத்தரவு போட்டார். லயத்து நாய்கள் குரைக்கிற குரைப்பில் அவர் சுட வேண்டிய மரையும் மானும் ஓடிவிடுகின்றனவாம். ஞாயிற்றுக்கிழமை முதல் லயத்துப் பக்கம் எந்த நாயைக் கண்டாலும் சுடுவார். செடி செத்துக்கொண்டிருந்தது, துரைக்கும் எதையாவது சுட வேண்டும்தானே.

நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலுக்கு மூக்காயி வந்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை.

"அண்ணே, எங்கூட வந்தது அது ஒண்ணுதான். தொரைசாணிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். எனக்கோ இங்கிலீஷ் கையில் கிடைத்தால் நிறுத்தத் தெரியாது. துரைசாணி முன்னால் நின்று பிரசங்கமே செய்தேன். இந்தக் கறுப்பு நாய் ஒன்றிருந்தால் டியூக்கின் மனம் வாடவே வாடாது என்றேன். மணல்குழி வேண்டாம், சிரட்டை வேண்டாம், எலி வேண்டாம் என்றேன். சொல்லிக்கொண்டே போன வேகத்தில், வேறு ஆள்கூட வேண்டாம் என்றும் சொன்னேன். பேசி முடித்தபோது எனக்கு என்மேலேயே மதிப்பு வந்திருந்தது.

துரைசாணி மகிழ்ந்துபோனாள். துரையிடம் பேசி, மாலைக்குள் தீர்ப்பு வந்தது. மன்னாரு இனிப் பங்களா நாய். பெயர் பாரன், அதாவது டியூக்குக்குக் கீழ்ப்பட்ட பிரபு. கழுத்துக்குச் சிவப்பு வார். சாமான் அறையைக் காலி பண்ணி, பாய் விரித்து, ஜன்னலும் திறந்து கொடுத்தார்கள். லயத்து அறைகளுக்கு ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: பாரன் லயத்துப் பக்கம் போகக்கூடாது. போனால் பழைய உத்தரவுதான். அப்புறம், நான் சொன்னபடியே, வேறு ஆள் வேண்டாம். மூக்காயி திங்கள் முதல் மலைக்குப் போகலாம். பங்களாவுக்கு வரத் தேவையில்லை.

இதைத் தமிழில் சொல்ல என் வாய் கூசியது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உசுரோட இருக்கும்ல?"

"இருக்கும்."

"அது போதும்ண்ணே," என்று இறங்கிப் போய்விட்டாள். என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாயிருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பக்கம் ஆறு வெடி கேட்டது. பாரன் சாமான் அறையில் நடுங்கிக்கொண்டிருந்தது. டியூக் பக்கத்தில் நன்றாகத் தூங்கியது.

திங்கட்கிழமை சாயங்காலம், மலையிலிருந்து ஆட்கள் இறங்கும் நேரம். நான் விறாந்தையில் தேநீர் வைத்துக்கொண்டிருந்தேன். துரை, முந்தின நாள் நாய்களைச் சுட்ட துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். திறந்து கிடந்த அந்த ஜன்னல் வழியாகக் குதித்து மன்னாரு கீழே பாய்ந்தது. சிவப்பு வார் கோப்பிச் செடிகளுக்கிடையே தெரிந்தது. நேரே லயத்துக்கு. துரை எழுந்து நின்றார்.

மூக்காயி லயத்து வாசலில் நின்றாள். தன்னை நோக்கி வாலாட்டிக்கொண்டு வருகிற நாயையும் பார்த்தாள், மேலே துவக்கோடு நிற்கிறவரையும் பார்த்தாள். குனிந்து ஒரு கல்லை எடுத்தாள்.

முதல் கல் அதன் முன்னால் விழுந்தது. விளையாட்டென்று நினைத்து அது கல்லைக் கவ்வப் போயிற்று. இரண்டாவது கல் முன்னங்காலில் பட்டது. நாய் கத்திக்கொண்டு நின்றது. ஓடவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே நின்றது. "போ! போயிரு, சனியனே, போ!" என்று அவள் கத்தியது பங்களா வரை கேட்டது. மூன்றாவது கல்லுக்குத்தான் திரும்பியது. மூன்று காலில் நொண்டி நொண்டி மேலே வந்து விறாந்தைப் படியில் படுத்துக்கொண்டது. துரை துவக்கை மூலையில் சாத்தினார்.

துரைசாணி ஓடிவந்து நாயின் காலைத் தடவிக்கொடுத்தாள்.

"எவ்வளவு கொடூரமான பெண்! இவர்களுக்குப் பிராணிகள்மேல் அன்பென்பதே கிடையாது. நாம் எடுத்து வளர்த்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று, இல்லையா யாகப்பர்?"

கீழே மூக்காயி இன்னும் நாலாவது கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"யெஸ், மேடம்," என்றேன். நான் படித்த இங்கிலீஷ் அன்றைக்கு அவ்வளவுதான் வந்தது.