ஓய்வுக்குப் பதில் மறைவு

நெருப்பு, சக்கரம், கன்ட்ரோல் சி. மனிதகுலம் எடுத்துவைத்த மூன்று பெரும் அடிகள் இவைதான் என்பார் குடிநீர் அலுவலக மேலாளர். முதல் இரண்டும் நடந்தபோது அவர் பணியில் சேர்ந்திருக்கவில்லை. மூன்றாவதைத் தானே கண்டுபிடித்ததுபோல நடந்துகொள்வார். மவுஸைத் தொடுகிறவர்களை, நடைவண்டியை விடாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் ஷார்ட்கட்.

அலுவலகத்தின் எழுத்தர் நாற்பத்தொன்பது வயதில், மோட்டார் அறைப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் மகளுக்கு வாரிசு வேலை உண்டு. அதற்கு, பணியில் இருக்கும்போதே இறந்தார் என்று தலைமை அலுவலகத்துக்கு மேலாளர் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். மகள் மேலாளரின் மேசைமுன் வந்து நின்றாள்.

“உக்காரும்மா. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும் பாரு.”

போன வருடம் ஓய்வுபெற்ற காவலாளிக்கு எழுதிய கடிதத்தைத் திறந்தார். கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி. பெயரும் பதவியும் சம்பளப் பட்டியலிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டன. பிறகு கன்ட்ரோல் ஹெச்: ‘ஓய்வு’ என்று இருந்த இடமெல்லாம், பழைய இரங்கல் குறிப்பிலிருந்து எடுத்து ஒட்டிய ‘மறைவு’ ஆனது. கன்ட்ரோல் என்டர். கடிதம் பறந்தது.

“ஒருவாட்டி படிச்சுப் பார்த்திருக்கலாமே சார்?”

“படிக்கறதுக்காம்மா ஷார்ட்கட் கண்டுபிடிச்சாங்க?”

நகலை அவள் நடைவழியில் நின்று படித்தாள். ‘வயது வரம்பு நிறைவடைந்து, முறைப்படி மறைவு பெற்றார். மறைவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பித்திருந்தார். அன்னாரின் மறைவுக்காலம் இனிதே அமைய வாழ்த்துகிறோம்.’

பத்தாம் நாள் பதில் வந்தது. வயது வரம்பு முடிந்தபின் நேர்ந்த மறைவுக்கு வாரிசு வேலை கிடையாது. பிழை இருந்தால் மாதக் கடைசிக்குள் புதிய கடிதம் அனுப்பவும்.

“அப்பாவுக்கு நாப்பத்தொம்பதுதான் சார். ரெண்டு வரி புதுசா எழுதிக் குடுத்தாப் போதும்.”

“ரெண்டு வரியா? உங்கப்பா இருந்திருந்தா இப்படிப் பேச விடுவாரா?”

“அப்பா இருந்திருந்தா நான் எதுக்கு சார் இங்க வரேன்?”

பக்கத்து மேசைக் காசாளர் அம்மாள் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

“நானே அடிச்சுத் தரேன் சார். அஞ்சு நிமிஷம்.”

“ஆபீஸ் லேப்டாப்மா. எல்லாம் ரகசியம்.” விண்டோஸ் எல் அழுத்தித் திரையைப் பூட்டினார்.

அவள் மேலும் மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் திரை பூட்டப்பட்டது.

மாதக் கடைசி அன்று காசாளர் அம்மாள் மேசையருகே வந்து நின்றார். “சார், இன்னைக்குத்தான் கடைசி. பாவம் சார் அந்தப் பொண்ணு. தம்பிய வேற படிக்க வைக்கணும்.”

“எனக்குத் தெரியாதா? நீங்க உங்க சீட்டுக்குப் போங்க.”

மேலாளர் கன்ட்ரோல் என் அழுத்தினார். வெள்ளைப் பக்கம் ஒன்று திறந்தது. மாலை ஐந்து மணிவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தடித்ததும் ஆல்ட் எஃப் ஃபோர் அழுத்தி மூடிவிட்டுப் பையை எடுத்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், “மேலிடத்துல ஒத்துக்கலைம்மா” என்றார்.

அவளுக்கு வரவேண்டிய வேலை போயிற்று.

பத்தொன்பது வருடமாக மேலாளரின் கடிதங்களை எல்லாம் அடித்துக் கொடுத்தவர் இறந்துபோன எழுத்தர்தான்; மேலாளருக்கோ அவருக்குத் தட்டச்சு தெரியாது.